பாய் கடைக்கு பி.இ. ஆகாது

அறிவுச்செல்வனுக்கு வேலை கிடைத்தது, படிப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்றுதான்.

அதற்கு முன்பு ஒன்றரை வருஷம் படிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு அலைந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊரில், வேர்க்கடலை போட்டு எடுத்து அவனைப் படிக்க வைத்தவர் அப்பா ஆதிமூலம். மகன் பட்டம் வாங்கிய மறுநாளே வேலைக்குப் போய்விடுவான் என்று அவர் ஊரில் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு தொழிற்சாலையில் டிப்ளமோ படித்தவன்தான் வேண்டும் என்றார்கள். டிப்ளமோக்காரன் மெஷின் பக்கத்தில் நிற்பான், பி.இ.காரன் நாற்காலி கேட்பான் என்பது அவர்கள் அனுபவம். சென்னையில் ஒரு கம்பெனிக்கு பி.இ. சரிதான், ஆனால் எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். இவன் பெயரைச் சொன்னதும் கேட்டவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கிரிவலப் பாதையோரத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேஜைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே மேனேஜர் சான்றிதழைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். தன்னைவிடப் படித்தவரை வேலை வாங்கத் தனக்கு வாய் வராது என்று சொல்லி, காபி கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். சீட்டுக் கம்பெனிக்காரர் பி.காம். என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாராம். நகைக்கடை முதலாளிக்கு எந்தப் பட்டம் என்றாலும் சம்மதம், பி.இ. மட்டும் ஆகாது. ஏன் என்று கேட்டதற்கு, "கேள்வி ஜாஸ்தி கேப்பீங்க" என்றார். இப்போதே கேட்டுவிட்டாய் பார் என்பது போலச் சிரித்தார்.

ஒரு வாசலில் பெரிதாக இருந்த அதே பட்டம் அடுத்த வாசலில் சிறிதாகிவிட்டது. அளவெடுத்தாற்போல அது பொருந்திய வாசல் ஒன்றுகூட இல்லை.

போளூர் ரோட்டில் கலீல் ரஹ்மான் பாய் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், பி.வி.சி. குழாய், கேபிள், ஸ்டார்ட்டர் என்று விவசாயிக்குத் தண்ணீர் எடுக்க வேண்டிய எல்லாம் விற்கிற கடை அது. கடைக்குள் கால் வைத்ததுமே அவனுக்கு ஆசை வந்துவிட்டது. பிரித்துப் போட்டிருந்த ஒரு பம்பின் இம்பெல்லர், தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரம், மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துக் கையில் சுற்றிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாய் அவனைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீ பி.இ. இல்லியே?"

"இல்லீங்க."

"பி.இ.யா இருந்தா இப்பவே சொல்லிடு. வந்த வழியே திரும்பிப் போய்ட்லாம். எனக்கும் டைம் மிச்சம், உனக்கும் மிச்சம்."

"பன்னெண்டாவதுங்க பாய். மேல படிக்க வசதிப்படலீங்க."

பாய் முகம் இளகிவிட்டது. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

பட்டங்களைப் பற்றி பாயிடம் தனியாக ஒரு சாஸ்திரமே இருந்தது. அதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆள் வைத்து, ஆள் ஓடி, சொந்தக் கைக்காசு போட்டுக் கற்றுக்கொண்டது. பி.ஏ. எகனாமிக்ஸ் படித்தவன் நல்லவன், ஆனால் குழாயைத் தோளில் தூக்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ரோட்டையே பார்ப்பான். பி.காம். பையன் ஆடிட்டரோடு சண்டை போட்டு, ஆடிட்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பி.எஸ்சி. கணக்கு படித்தவனுக்கு வாடிக்கையாளரிடம் பேச்சே வராது. ஆனால் இவர்களையெல்லாம் பாய் மன்னித்துவிட்டார். மன்னிக்காதது பி.இ.யை மட்டும்தான். வரிசையாக மூன்று பேரை வைத்துப் பார்த்தார். மூன்று பேரும் தொழிலைக் கற்றுக்கொண்டு, கிணறு வற்றி வியாபாரம் சூடு பிடிக்கிற சித்திரை மாதமாகப் பார்த்துக் கம்பி நீட்டினார்கள். மூன்றாமவன் போனில்கூடச் சொல்லவில்லை. பாயே அவன் வீடு வரை போய், உடம்புக்கு என்னவோ என்று கவலையோடு விசாரித்தார். பெங்களூர் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள்.

"மோட்டார் மேல தகட்டுல அஞ்சு ஹெச்.பி.ன்னு அடிச்சிருப்பான்" என்பார் பாய். "அது தண்ணி ஏத்துறப்ப பார்த்தா தெரியும் மூணா அஞ்சான்னு. படிப்பும் அப்டித்தான்."

அறிவுச்செல்வன் தண்ணீர் ஏற்றினான். கடையில் அவன் பெயர் செல்வம் ஆயிற்று. எத்தனை அடி ஆழம், எவ்வளவு தூரம் குழாய் போகிறது, எத்தனை வளைவு என்று கேட்டுக்கொண்டு, இந்த மோட்டார்தான் சரி என்பான். அது சரியாகவே இருக்கும். ஒரு தடவை வளைவு கூடக்கூடத் தண்ணீரின் வேகம் எப்படிக் குறைகிறது என்று ஒரு விவசாயிக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவர் கேட்டதும், வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான்: யூடியூப்.

அன்றிலிருந்து பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். "பன்னெண்டாவதுதான். போன்ல பார்த்தே கத்துக்கினான். இதுக்குப் போய் நாலு வருஷம் துட்டு கட்டிப் படிக்கிறானுங்க பாரு." அறிவுச்செல்வன் குழாயை வளைத்து இணைக்கிற எல்போக்களை அளவு வாரியாக அடுக்குகிற வேலையில் தலையைக் குனிந்துகொள்வான்.

பொய் சொன்னவனுக்குக் கோபக்கார முதலாளி வாய்த்தால் சமாளித்துவிடலாம். இரக்கமுள்ள முதலாளி வாய்த்தால்தான் கஷ்டம். இவ்வளவு மூளையுள்ள பையன் வசதியில்லாமல் படிப்பை விட்டுவிட்டானே என்பது பாய்க்கு நாளாக ஆக மனசில் முள்ளாகக் குத்தியது. ஒரு நாள் தொலைதூரக் கல்வி விண்ணப்பத்தோடு வந்து நின்றார். பணமும் அவரே கட்டிவிட்டார். பி.ஏ. வரலாறு. ஏன் வரலாறு என்றால், தான் படித்திருந்தால் அதைத்தான் படித்திருப்பேன் என்றார்.

ஆக, பி.இ. மெக்கானிக்கல் முதல் வகுப்பில் தேறிய அறிவுச்செல்வன், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பல்லவர்களையும் சாளுக்கியர்களையும் படித்தான். பாய் தேடித் தேடிப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரங்களில் தானே கேள்வி கேட்பார். முதல் வருஷத்தில் ஒரு பாடம் போய்விட்டது. பாய் அவனுக்கு ஆறுதல் சொன்னார்: எல்லாருக்கும் எல்லாம் முதல் தடவையே வந்துவிடுமா, என்ன?

இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள் சிந்துஜா.

போளூர்ப் பக்கத்துப் பெண். டவுனில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பி.வோக். என்கிற தொழிற்கல்விப் பட்டம் படித்தவள். பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு இருவரும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அறிவுச்செல்வன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான். சிரித்து முடித்தபின் அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் போன இடத்திலெல்லாம் கேட்ட கேள்வி வேறு: அது டிகிரியா, கோர்ஸா? ஒரு டாக்டர் அந்தப் பட்டத்தின் பெயரை இரண்டு தடவை எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, பி.எஸ்சி. வந்தால் சொல்கிறேன் என்றாராம்.

"எனக்குப் படிச்சதே பத்தாதுன்றாங்க, உங்களுக்கு ஜாஸ்தின்றாங்க" என்றாள். "ரெண்டையும் கலந்து ஒரே வூட்ல வச்சா சரியாப் பூடும். ஆனா பாய்கிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் அவனும் இருந்தான். ஆனால் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. நிலையான வேலை என்று நம்பித்தான் பெண் கொடுக்கிறார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் வேலை போனவனாக மணவறையில் உட்கார அவனுக்குத் தைரியமில்லை. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான்.

அவனுடைய அம்மா பாஞ்சாலைக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. அழைப்பிதழில் மகன் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. இல்லாமல் போகுமா? கடலைக் காட்டில் தான் குனிந்து நின்றதெல்லாம் அந்த எழுத்துக்குத்தான் என்றாள் அவள். அச்சகத்தில் தனியாகப் போய் நின்று, ஒரு சில பத்திரிகைகளை மட்டும் பட்டம் இல்லாமல் அடித்துத் தரச் சொன்னான். அச்சகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இல்லாத பட்டத்தைப் போடச் சொன்னவர்கள் நிறையப் பேராம். இருக்கிறதை எடுக்கச் சொன்னவன் அவன் ஒருவன்தானாம்.

பட்டமில்லாத பத்திரிகை பாய்க்குப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அறிவுச்செல்வன் நினைத்துக்கொண்டான். ஊர்க் கல்யாணத்தில் பத்திரிகை ஒன்றுதானா பேசும்? மண்டப வாசலில் பிளெக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே. அதை வைப்பது மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை, நண்பர்கள். அவர்கள் யாரையும் கேட்க மாட்டார்கள்.

வரவேற்பு அன்று சாயங்காலம் கோட்டு மாட்டி மேடையில் ஏறிய பிறகுதான் அவன் வாசலைப் பார்த்தான். கூடப் படித்தவர்கள் ஆளுயரத்துக்கு மேல் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த அவன் படம். அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கும்படி: பொறியாளர் அறிவுச்செல்வன், பி.இ.

அதற்கு முன்னால் பாய் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அஜ்மத் பேகம், கையில் பரிசுப் பொட்டலத்தோடு. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புது மோட்டாரின் தகட்டைப் படிக்கிற அதே மாதிரி, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

 சிந்துஜா அவன் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "சொன்னேன் இல்ல?" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் போட்டோக்காரர் இருவரையும் சிரிக்கச் சொன்னார்.

பாய் வரிசையில் வந்தார். பொட்டலத்தைக் கொடுத்தார். போட்டோவுக்கு நின்றார். கையைக் குலுக்குகிற சாக்கில் காதோடு, கொஞ்சம் கீழே வந்துவிட்டுப் போகச் சொன்னார். கூட்டம் சற்றுக் குறைந்ததும் அவன் நழுவிப் போனான். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் பாய் மனைவியோடு காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"செல்வம், நீ இப்படிச் செய்வேன்னு நான் கனவுலகூட நெனைக்கல" என்றார்.

"பாய், நானே சொல்லணும்னுதான்..."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தப் பொண்ணு வூட்டுல சொல்லு. பி.ஏ. மொதல் வருஷத்துலயே ஒரு பேப்பர் நிக்குது, நீ பி.இ.ன்னு போர்டு வச்சி கட்டிக்கப் போறியா? அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்து போட்டோ வேற."

 அவன் பயந்தது ஒன்று, வந்து நின்றது வேறொன்று. பிளெக்ஸில் இருக்கிற பட்டத்தை பாய் நம்பவே இல்லை.

"பன்னெண்டாவதுன்னா இன்னா கொறச்சல்?" பாயின் குரல் இப்போது தணிந்துவிட்டது. "உன்ன மாதிரிப் பையன் கெடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும். ஆனா பொய் சொல்லித் தாலி கட்டாத. இன்னும் நேரம் கீது. அவங்க அப்பா யாரு? நானே கூட வரேன். பதமாப் பேசிப் புரிய வைக்கிறேன். வா."

பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் நின்றார். அந்த உபசரிப்பை வைத்தே பாய் அவரை அடையாளம் கண்டுகொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் கல்யாணத்தில் குழப்பம். சொன்னால் வேலை போயிற்று. அதோடு, தன் மானத்தைக் காப்பாற்ற இந்த மனிதர் தனக்காகத் தூது போகிறாரே என்பது அவனை என்னவோ செய்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"பாய், அது நெசங்க."

"எது?"

"பி.இ. நெசங்க. உங்ககிட்ட சொன்னதுதான் பொய்."

பாய் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் இன்னொரு பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தார். அந்த நேரத்துக்கு மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி சிந்துஜாவே வந்துவிட்டாள். விஷயத்தைப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"நெசந்தாங்க பாய்" என்றாள். "எங்கப்பா சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் எடுத்து, காலேஜுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு. அவரு உங்களவிட மோசம்."

அஜ்மத் பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பாய் சிரிக்கவில்லை. பிளெக்ஸ் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"அப்போ ஹிஸ்டரி?" என்றார்.

"படிச்சேங்க பாய். அது நெசமாவே படிச்சேன்."

 கல்யாண வீட்டில் வைத்துப் பேசுகிற பேச்சு இல்லை, வேலை விஷயத்தைக் கடையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு பாய் பந்தியில் போய் உட்கார்ந்தார். கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக, பரிமாறியவர்கள் அப்புறம் சொன்னார்கள். அதிலிருந்து எதையும் கணிக்க அவனால் முடியவில்லை. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு பாய் வரவில்லை.

மறுவீடு, விருந்து எல்லாம் பாதியிலிருக்கும்போதே அறிவுச்செல்வன் கடைக்குப் போனான். போகும்போது சிந்துஜா, வேலை போனால் மாலையே வேறு பார்க்கலாம், முகத்தை மட்டும் இப்படி வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். பாய் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவனை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒரு ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், பி.இ. என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவனையே கேட்டார். திருப்பி அனுப்பியிருப்பீர்கள் என்றான் அவன். ஆமாம் என்று பாய் ஒப்புக்கொண்டார். இப்போது மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? மற்ற மூன்று பேரும் இப்படித்தான் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். நாளைக்கு ஒரு கம்பெனி கூப்பிட்டால் இவனும் போக மாட்டான் என்று என்ன உறுதி?

அறிவுச்செல்வன் உண்மையைத்தான் சொன்னான். "போனாலும் போவேன் பாய். ஆனா சொல்லிட்டு, ஆள் சேர்த்துவிட்டுட்டுத்தான் போவேன். இப்போதைக்கு எனக்கு இந்த வேலைதான் புடிச்சிருக்கு."

பாய் அதற்குப் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அடி அண்ணாமலையிலிருந்து ராணியம்மாள். மூன்று ஏக்கர் நெல்லைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற அம்மாள். கடைக்குப் பழைய வாடிக்கை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, கதிர் வாங்குகிற நேரம், உடனே ஆள் அனுப்பு என்றார். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்கும்.

பாய் அறிவுச்செல்வனை ஓரக்கண்ணால் பார்த்தார். "ராணிம்மா, நம்ம கடையில இப்போ பி.இ. படிச்ச இன்ஜினியர் இருக்காரு. அவர அனுப்பட்டுமா?"

"அய்ய, இன்ஜினியர் எல்லாம் வாணாம் பாய்" என்றது போன். "பக்கத்து நெலத்துக்கு ஒருத்தர் வந்தாரு. கெணத்தாண்டயே வரல. கார்ல குந்திக்கினே புது மோட்டார் வாங்குன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. நம்ம செல்வத்த அனுப்பு. கண்ணாலம் ஆனா இன்னா, ஒரு மணி நேரம் வரக்கூடாதா?"



"சரிம்மா" என்றார் பாய். "செல்வத்தையே அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டு, வேன் சாவியை மேஜை மேல் நகர்த்தினார். அவன் வெளியே போய் வண்டியைக் கிளப்பும்போது, நின்றுபோன அந்த வரலாற்றுப் பேப்பருக்குப் பரீட்சை எப்போது என்று உள்ளேயிருந்து கேட்டார். டிசம்பரில் என்றான். கட்டணத்தை இந்தத் தடவை நீயே கட்டிக்கொள், இன்ஜினியர் சம்பளம் போடப்போகிறேன் என்றார். எவ்வளவு என்று இருவரும் பேசவில்லை.

அடி அண்ணாமலையில் பிரச்சினை பெரிதாக இல்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற வால்வு காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குழாயில் இன்னொரு துண்டு சேர்த்து இறக்க வேண்டும். அறிவுச்செல்வன் கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுப் படியில் இறங்கினான். கை மருதாணி இன்னும் சிவப்பாகவே இருந்தது. ராணியம்மாள் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா செல்வம்" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "உன் கண்ணால போர்டுல பி.இ.ன்னு போட்டிருந்துச்சாமே. எங்க ஊர்ப் பசங்க சொல்லிக்கினு இருந்தாங்க. நெசமா?"

 ஸ்பானரை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"ஆமாங்கம்மா. நெசந்தான்."

ராணியம்மாள் அதை யோசித்தார். அப்புறம், காய்ச்சலில் படுத்தவனுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்: "போவட்டும் வுடு. அதனால இன்னா, நீ நல்ல புள்ளதான்."

மேலே வந்து சுவிட்சைத் தட்டினான். வாய்க்காலில் முதலில் காற்று துப்பியது, பிறகு சேறு, பிறகு தண்ணீர்.